ஃபிஷர் கோட்டைத் தாக்குதலுக்கு என்ன சொல்?

வணக்கம்.

கடற்படையும் தரைப்படையும் சேர்ந்து ஒரு கடலோரக் கோட்டையைத் தாக்குவதைக் குறிக்க, அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கட்டுரைக்காகக் கேட்ட சொல்லுக்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. 'ஈரூடகத் தாக்குதல்' எனக்கு ஒட்டவில்லை. நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டிக்கு அந்த அடைமொழி சரி. 'தரையிறக்கம்' ஈழத்துப் போர்ச் செய்திகளில் பழகிய நல்ல சொல், ஆனால் ஆட்களைக் கரையில் இறக்குவதோடு அதன் பொருள் நின்றுவிடுகிறது. 'கூட்டுத் தாக்குதல்' என்றால் இரண்டு நாடுகள் சேர்ந்து தாக்கியதாகவும் படிக்கலாம்.

நடந்ததைப் பார்த்துச் சொல்லைத் தேடுவோம். 1864 டிசம்பரில், வட கரோலினாவில் தென் மாநிலங்களின் வசம் இருந்த ஃபிஷர் கோட்டையைப் பிடிக்க, வட மாநிலங்களின் தளபதிகளான போர்ட்டர் கடற்படையோடும் பட்லர் தரைப்படையோடும் போனார்கள். கோட்டையைத் தகர்க்க 200 டன்னுக்கு மேல் வெடிமருந்து ஏற்றிய கப்பலை, பட்லரின் துருப்புகள் வந்து சேரும் முன்பே போர்ட்டர் வெடிக்க வைத்துவிட்டார். மணலைக் குவித்துக் கட்டிய கோட்டை, அசையவே இல்லை. கிறிஸ்துமஸ் அன்று கரையில் இறங்கிய வீரர்களையும் பட்லர் பின்வாங்கச் சொல்லிவிட்டார். அவர் பதவி போனது. அதாவது இறக்கம் நடந்தது, இரு படைகளும் இருந்தன, இணைப்புதான் இல்லை.

1865 ஜனவரியில் பட்லரின் இடத்துக்கு டெர்ரி வந்தார். 13ஆம் தேதி தொடங்கிய குண்டுவீச்சில் கோட்டையின் தரைப்பக்கச் சுவரில் இருந்த பீரங்கிகள் பெரும்பாலும் முடங்கின. 15ஆம் தேதி பிற்பகல் சுமார் 2,000 மாலுமிகளும் மரைன்களும் (கடற்படையோடு செல்லும் காலாட்படையினர்) வாளும் கைத்துப்பாக்கியுமாகக் கடலோர மூலையில் மோதிச் சிதறினர். பாவம், பலத்த இழப்பு. ஆனால் காவல்படையின் கவனம் அங்கே இருந்தபோது ஆற்றுப்பக்கமாகத் தரைப்படை உள்ளே புகுந்தது. அவர்கள் கோட்டைச் சுவரின் மணல்மேடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து முன்னேற, கப்பல் குண்டுகள் அவர்களுக்கு முன்னால் போய் விழுந்தன. அன்றிரவே கோட்டை சரணடைந்தது.

ஆகவே என் பரிந்துரை: கடல்-தரை இணைத்தாக்குதல்.

புறப்பொருள் இலக்கணத்தில் கோட்டையை வளைப்பது உழிஞை, காப்பது நொச்சி. 'கடலுழிஞை' என்று வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் உழிஞை என்றதும் முற்றுகைதான் நினைவுக்கு வரும். கோட்டைக்கு அருகிலிருந்த வில்மிங்டன் துறைமுகத்தின் மேல் ஏற்கெனவே வட மாநிலங்களின் கடல் முற்றுகை இருந்தது. அதற்குத் தப்பி வந்த சரக்குக் கப்பல்களைக் காத்ததே இந்தக் கோட்டை. ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் குழப்பம்தான்.

அப்புறம், இடையில் சிறுகோடு இருக்கட்டும். 'கடற்றரை' என்று புணர்த்தினால் இலக்கணம் சரி, படிப்பவருக்குத்தான் புரியாது.