ஷட்டரை இறக்கிவிட்டுப் போனவர்கள்: திருமலையில் தொழில் நடத்திய அனுபவங்கள்

கணவாய்க்காரன்

நானே தொடங்குகிறேன். திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் எனக்குச் சின்னக் கொட்டில் ஒன்று இருந்தது. கணவாயும் நண்டும் வாங்கி, வெட்டிக் கழுவி, ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்புவோம். விடிய நாலரைக்கு ஐஸ் வரும். கட்டியை உடைக்கிற சத்தத்தில்தான் பக்கத்து வீட்டாருக்குப் பொழுது விடியும். வில்லங்கம் தொடங்கியதும் அதில்தான்.

2023 தை மாதம் பக்கத்து வீட்டு அண்ணை சபைக்குப் பெட்டிசம் போட்டார். சத்தம், கழிவுத் தண்ணீர், நாற்றம் என்று மூன்று முறைப்பாடு. முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதையும் முழுப்பொய் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வட்டாரத்து உள்ளூராட்சிச் சபை உறுப்பினர் மோட்டார் சைக்கிளில் வந்து இரண்டு பேரையும் வேலியடியில் நிற்க வைத்துக் கதைத்தார். "நீ கழிவுத் தண்ணீருக்கு ஊறல் குழி ஒன்று வெட்டு, ஐஸை ஆறு மணிக்குப் பிறகு உடை. அண்ணை, நீங்கள் பெட்டிசத்தை வாபஸ் வாங்குங்கோ." சரி என்றோம். குழி வெட்ட ஆளும் பிடித்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் சொல்லி முடித்துத் தருகிறேன் என்று போனார்.

மார்ச் 9ஆம் திகதி நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் காசில்லை என்று தள்ளிப்போனது. 19ஆம் திகதியோடு சபைகளின் காலமும் முடிந்தது. உறுப்பினர் ஒரே இரவில் நம்மைப் போல ஒரு ஆளாகிவிட்டார். பெட்டிசம் மட்டும் பைலில் இருந்தது. கந்தோருக்குப் போனால் "மேலே எழுதியிருக்கிறோம்" என்பார்கள். மேலே என்றால் எங்கே என்று கேட்டால், அதற்கும் மேலே கையைக் காட்டுவார்கள். அனுமதிப்பத்திரம் புதுப்பிக்காமல் சரக்கு எடுக்க மாட்டேன் என்று கொழும்பு வியாபாரி நின்றுவிட்டார். ஆவணியில் பூட்டினேன். இப்போது நீர்கொழும்புப் பக்கம், விமான நிலையத்துக்குக் கிட்ட அதே தொழில்தான்.

நான் எழுத வந்தது இதற்குப் பிறகு நடந்ததை. ஒரு நிருபர் போனில் கூப்பிட்டார். "உங்களை யார் போகச் சொன்னது?" என்று கேட்டார். ஒருவரும் போகச் சொல்லவில்லை, இரு என்று சொல்லவும் ஒருவரும் இல்லை என்றேன். மூன்றாம் நாள் பேப்பரில் "திருமலையில் தமிழ் முதலீட்டாளர் வெளியேற்றம்" என்று வந்தது. பெட்டிசம் போட்டவரும் தமிழர்தான்! அந்த வாரமே ஒரு சிங்கள இணையத்தளத்தில் சூழலை நாசம் பண்ணிய கொட்டிலை மக்கள் எதிர்த்து மூட வைத்ததாகப் போட்டிருந்தார்கள். எந்த மக்கள்? ஒரே ஒரு அண்ணை. சபை இல்லாத கதையும் ஊறல் குழியும் இரண்டிலும் இல்லை.

உங்களுக்கு இப்படி ஏதும் நடந்திருந்தால் எழுதுங்கள். கட்சிப் பிரசாரம் வேண்டாம்.

கிண்ணியா நானா

தம்பி, சபை இருந்த காலத்திலும் பூட்டிவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் அரசியல் தலையில் கட்டாதீர்கள்.

நான் தளபாடம் செய்கிறவன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் துறையடியில் பாதைக்கு, அதுதான் மிதவைப் படகுக்கு, காத்து நின்று அலுமாரியை ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனோம். காற்றடித்தால் பாதை ஓடாது. அலுமாரியும் நானும் துறையிலே நிற்போம். பாலம் வந்தால் சாமான் சுளையாகப் பட்டினத்துக்குப் போகும் என்று கணக்குப் போட்டேன். சாமான் போகவில்லை, வாடிக்கைக்காரர் போனார்கள், தவணைக்குக் கொடுக்கிற பெரிய கடைகளுக்கு.

பிறகு கரண்ட். 2022 ஆவணியில் சராசரி 75 வீதம் ஏற்றினார்கள், 2023 மாசியில் இன்னொரு 66 வீதம். வாள் மிசினைப் போட முதல் பில்லை நினைக்க வேண்டியிருந்தது. மூன்று பெடியன்கள் வேலை செய்தார்கள், இரண்டு பேர் கத்தாருக்குப் போய்விட்டார்கள். இது எந்தப் பேப்பரில் வரும்? தேக்கு மரத்துக்கு இனமா மதமா?

நான் இன்னும் போகவில்லை. போக இடமில்லை என்பதுதான் மெய்.

அலஸ் கார்டன் அக்கா

எங்களுடையது ஐந்து அறை விடுதி. சீசன் ஏப்ரலில் தொடங்கி செப்டெம்பர் வரை. அந்த ஆறு மாதம் உழைப்பதுதான் வருடம் முழுக்கச் சாப்பாடு. 2019இல் ஏப்ரல் 21 குண்டு வெடிப்பு, சீசன் வாசலிலேயே. பிறகு கொரோனா. பிறகு 2022 பெற்றோல் கியூ. மூன்றையும் தாண்டிவிட்டேன் என்று மூச்சு விடும்போது குப்பையில் மாட்டிக்கொண்டேன்.

முன்பு எங்கள் உறுப்பினரின் நம்பர் குசினிக் கதவில் ஒட்டியிருக்கும். ட்ரெக்டர் வராவிட்டால் ஒரு கோல். திட்டிக்கொண்டாவது அனுப்பிவைப்பார். சரியான வாய்க்காரர், ஆனால் வேலை நடக்கும். சபை போன பிறகு அதே நம்பருக்கு எடுத்தேன். "அக்கா, இப்ப நானும் என் வீட்டுக் குப்பையை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார்.

ஒரு நாள் காலையில் வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று கடற்கரைக்கு இறங்கும் வழியில் கிழிந்த பையையும் நாயையும் படம் எடுத்து நின்றது. என் கேற்றுக்கு நேரே. அந்தப் படம் எங்கள் விடுதியின் விமர்சனப் பக்கத்தில் இன்னும் கிடக்கிறது. மறுமொழி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். உள்ளூராட்சிச் சபையின் பதவிக் காலத்தை ஒல்லாந்துக்காரருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? விட்டுவிட்டேன்.

தேர்தல் 2025 மே 6இல் நடந்தது. இரண்டு வருடத்துக்கு மேல். கணக்குப் பார்த்தால் இரண்டு சீசன் முழுதாகவும் மூன்றாவதின் தொடக்கமும்.

பழைய கிளாக்கர்

மேசைக்கு அந்தப் பக்கம் முப்பது வருடம் இருந்தவன். எல்லாரும் எங்களைத் திட்டுகிறீர்கள், திட்டுங்கள். ஆனால் ஒரு விஷயம்.

1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் வந்து மாகாண சபைகள் உருவாகின. வடக்கு கிழக்கு இணைந்த சபைக்கும் எங்கள் ஊர்தான் தலைநகர். 2006இல் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்றது. கிழக்குக்குத் தனியாக 2008இலும் 2012இலும் தேர்தல் நடந்தது. 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி அந்தச் சபையின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு முதலமைச்சர் இல்லை, மாகாண அமைச்சர் இல்லை. ஜனாதிபதி நியமிக்கிற ஆளுநர்தான் எல்லாம். துறைமுகமும் பெரிய முதலீடும் எப்போதும் கொழும்பு கையில். அதனால் 2023இல் உள்ளூர்ச் சபையும் போனபோது, இங்கே வாக்கு வாங்கி இங்கேயே உட்கார்ந்து பதில் சொல்ல ஒரு ஆள் இல்லை. எம்.பி. மாருக்குப் பாராளுமன்றம். எங்களுக்கு முன்னால் வந்து மேசையில் தட்ட ஆள் இல்லாவிட்டால் பைல் நகராது. இது பெருமையாகச் சொல்லவில்லை.

அதற்காகக் கந்தோரை மட்டும் சொல்லக்கூடாது. தொழில் தொடங்க வருகிறவர்களில் எத்தனையோ பேரின் காணி பெர்மிட் காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது. உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், கிடையாது. வங்கி அதை ஈடாக வாங்கத் தயங்கும். உறுதிக் காணி வைத்திருந்தவர்களிலும் சிலருக்குச் சண்டையில் உறுதி எரிந்தது, சிலருக்கு 2004இல் கடல் கொண்டுபோனது. ஒருவர் சுனாமியில் நனைந்த உறுதியை வெயிலில் காய வைத்துக் கொண்டுவந்தார். மை முழுவதும் ஊறிப் பரவி, எல்லை விபரத்தில் "வடக்கே" என்பது மட்டும் வாசிக்கக் கூடியதாக இருந்தது. வடக்கே என்ன என்று தெரியாது. அந்த மனிதர் பன்னிரண்டு தரம் வந்தார். பதின்மூன்றாம் தரம் வரவில்லை. தம்புள்ளையில் கடை போட்டிருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மத்திய வீதி

சுருக்கமாக. 2005 மே மாதம் பஸ் நிலையத்தடியில் இரவோடிரவாகப் புத்தர் சிலை வைத்த சமயம். அதை எதிர்த்து ஹர்த்தால். அப்பாவுக்கு மரக்கறிக் கடை. தம்புள்ளையிலிருந்து வந்த தக்காளி உள்ளே, ஷட்டர் கீழே. தமிழ்ப் பேப்பரில் பூரண ஹர்த்தால், நகரமே ஸ்தம்பித்தது என்று பெருமையாக இருந்தது. தெற்கில் வேறு மாதிரி எழுதினார்கள். அப்பா இரண்டையும் விரித்து அழுகிய தக்காளியை அதில் கொட்டிக் கட்டினார். ஹர்த்தால் பிழை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்த வருடம் கடையைக் கொடுத்துவிட்டார்.

சம்பூரான்

தொழில் ஊரை விட்டுப் போகிறது என்று எல்லாரும் கவலைப்படுகிறீர்கள். எங்களுக்கு நடந்தது தலைகீழ். தொழில் வருகிறது என்று எங்களைப் போகச் சொன்னார்கள்.

2006 சித்திரையில் சம்பூரிலிருந்து ஷெல்லுக்குள் ஓடினோம். சண்டை முடிந்து திரும்பலாம் என்றபோது ஊர் முதலீட்டு வலயமாக வர்த்தமானியில் ஏறியிருந்தது. இன்னொரு பக்கம் இந்தியாவோடு சேர்ந்து 500 மெகாவாட் அனல் மின் நிலையம் என்றார்கள். நாங்கள் கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலில் இருந்தோம். பேப்பரில் எங்கள் ஊரின் படம் அடிக்கடி வரும், கொடி, நாடா, கைகுலுக்கல். அப்பு படத்தை உற்றுப் பார்த்து "இது எங்கட பட்டியடி மரம்" என்பார்.

2015இல் 818 ஏக்கரை விடுவித்தார்கள். அனல் மின் நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. இப்போது சூரிய மின்சாரம், 120 மெகாவாட். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது தொடக்கி வைத்தார். நல்லது. நான் எருமை வைத்திருக்கிறேன், மூதூர் வீதியில் தயிர்ச் சட்டி அடுக்கி விற்கிறேன். அதுவும் வியாபாரம்தான். ஓடின அன்றைக்கு எங்களிடம் நாற்பத்தி மூன்று மாடு. திரும்பி வந்து ஒன்றிலிருந்து தொடங்கினேன். திருமலையில் முதலீடு பற்றி எழுதுகிற எந்த நிருபரும் பட்டிக்கு வந்து மாடு எண்ணியதில்லை.

பகுதிநேர நிருபர்

இவ்வளவு வாசித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எங்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. போட்ட செய்திக்குத்தான் காசு. எண்ணெய்த் தாங்கி பற்றி எழுதினால் முன்பக்கம். 1942இல் ஜப்பான்காரன் அடித்ததில் ஒன்று போனது, இப்போது இருப்பது 99 தாங்கி, 2022 உடன்படிக்கையில் இந்தியக் கம்பனிக்கு 14, எங்கள் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்து 61. நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். கிண்ணியாவில் இரண்டு பெடியன்கள் வேலை இழந்தார்கள் என்று அனுப்பினால் "இதில் செய்தி எங்கே தம்பி?" என்பார்கள். சிலை, காணி, சூடு. இந்த மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். விளம்பரம் தருகிற நிறுவனமென்றால் திறப்பு விழாவுக்குக் கால் பக்கம் தயார். அது பூட்டினால் ஒரு வரி வராது. அரசாங்கப் பேப்பரில் அமைச்சர் முகம், தனியாரில் முதலாளியின் கட்சி. லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனம் 1973இல் அரசாங்கத்தின் கைக்குப் போனது, அன்றிலிருந்து எந்த ஆட்சியும் திருப்பிக் கொடுக்கவில்லை.

பயமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று சொல்லப்பட்டது. பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூடு தெரிந்தது. அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். நான் அப்போது ஓ.எல். எழுதிய பெடியன். இன்றைக்கும் ஒரு பெயரை எழுத முதல் கை ஒருக்கால் நிற்கும். யாரையும் தொடாமல், எல்லாரையும் உசுப்பேத்துகிற மாதிரி எழுதுவது பாதுகாப்பு. வெட்கமான உண்மை இதுதான்.

கணவாய்க்காரன் அண்ணை, நீங்கள் சொல்வது 2023 ஆவணிக் கடைசியில் வந்த செய்தியா? என்றால் அது நான் அனுப்பியது. நான் வைத்த தலைப்பு "அனுமதி தாமதம்: 14 பெண்கள் வேலை இழப்பு". சபை இல்லாததை இரண்டாவது பந்தியில் எழுதியிருந்தேன். கொழும்பில் வெட்டினார்கள். தலைப்பு எப்படி மாறியது என்று நான் கேட்கவில்லை. அந்தச் செய்திக்குக் காசு வந்தது, எடுத்துக்கொண்டேன்.

கணவாய்க்காரன்

அந்தக் குரல் நீர்தானா தம்பி! அந்தப் பேப்பரை மனுசி பாயடியில் இன்னும் வைத்திருக்கிறாள். உமக்கு மூன்று நாள் ஏசியிருப்பேன், காதில் விழுந்திருக்காது.

பெண்கள் பதினொரு பேர், பதினாலு இல்லை. அதை யார் கூட்டியது, நீரா கொழும்பா?

சரி போகட்டும். பக்கத்து வீட்டு அண்ணையும் போனமாதம் கூப்பிட்டார். கொட்டில் இருந்த இடத்தில் இப்போது யாரோ கார் கழுவுகிறார்களாம், தண்ணீர் முழுக்க அவர் வளவுக்குள். "நீ இருந்திருக்கலாமடா" என்றார். நான் ஊறல் குழி வெட்டச் சொல்லுங்கள் என்றேன்.

அந்தப் பதினொரு பேரில் இரண்டு பேர் இன்னும் வேலை கேட்டு எடுக்கிறார்கள். நீர்கொழும்புக்கு வர வீட்டில் விடமாட்டார்கள். ஒருத்தி கணவாயை மை உடையாமல் உரிப்பாள், அந்தக் கை வேறு யாருக்கும் வராது. அந்தப் பக்கம் யாருக்காவது ஆள் தேவை என்றால் சொல்லுங்கள்.

அலஸ் கார்டன் அக்கா

குசினிக்கு ஒருவர் வேண்டும். சம்பளம் சீசனுக்குத்தான், சாப்பாடு உண்டு. உரிக்கத் தெரிந்தவரையே அனுப்புங்கள். நம்பரைத் தனியாகப் போடுகிறேன்.