மலை ஏறும் வண்டிக்கு இன்ஜின் ஆயில் வெயிலில் 20-50, மழையில் 15-40: மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கம்பம்மெட்டு ஜீப்:
கம்பத்திலிருந்து மேலே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய டீசல் ஜீப் என்னுடையது. கம்பெனி சொன்னது 15-40 ஆயில். ஆனால் எங்கள் ஸ்டாண்டில் பங்குனி வெயில் ஏறியதும் 20-50 ஊற்றுவோம், இடவப்பாதி மழை பிடித்ததும் 15-40க்குத் திரும்புவோம். இது வெட்டி வேலை என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். சித்திரை மதியத்தில் வண்டி நிறைய ஆளோடு கம்பம்மெட்டு ரோட்டில் செகண்ட் கியரில் அவர் ஏறிப் பார்த்திருக்க மாட்டார். 15-40 இருந்தால், மேலே செக்போஸ்ட்டில் ஐடிலில் நிற்கும்போது, ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் ஆயில் லைட் லேசாக மினுக்கும். 20-50 ஊற்றினால் மினுக்காது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

போடி ஒர்க்‌ஷாப்:
எழுதியது நான்தான் அண்ணே. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்கும் வண்டிகளைத்தான் தினமும் பிரித்து மாட்டுகிறேன். எனக்கு மலை தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

முன்னால் இருக்கும் எண், கடுங்குளிரில் ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுற்றுமா என்பதற்கானது. 15 என்றால் மைனஸ் 20 டிகிரியில் சோதிக்கிறார்கள், 20 என்றால் மைனஸ் 15இல். தை மாதம் மூணாறில் புல் மேல் உறைபனி படிகிற அன்றைக்கே குளிர் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். மழைக்கால வண்டன்மேட்டுக்கு இந்த எண்ணைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமே இல்லை. பின்னால் இருப்பது 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பது. கெட்டியை அளக்கும் சென்டிஸ்டோக் கணக்கில் 40 என்றால் 12.5 முதல் 16.3, 50 என்றால் 16.3 முதல் 21.9. வெளியே 38 டிகிரி அடித்தாலும் 20 டிகிரி இருந்தாலும், சூடேறிய இன்ஜினில் தண்ணீரை 80, 90 பக்கம் பிடித்து வைக்கத்தான் தெர்மோஸ்டாட் இருக்கிறது. ஆயிலுக்குப் பங்குனியும் தெரியாது, ஆடியும் தெரியாது.

லைட் மினுக்குகிறது என்றால் பேரிங் தேய்ந்திருக்கலாம், பம்ப் போயிருக்கலாம். சில சமயம் சுவிட்சே பொய் சொல்லும். அந்தச் சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். மலை ஏறிய சூட்டோடு ஐடிலில் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கெட்டி ஆயில் லைட்டைத்தான் அணைக்கும். தேய்ந்தது தேய்ந்ததுதான்.

கம்பம்மெட்டு ஜீப்:
தெர்மோஸ்டாட்டா! எங்கள் ஸ்டாண்டில் எந்த ஜீப்பில் அது இருக்கிறது, வந்து காட்டுங்கள். வண்டி சூடாகிறது என்று போய் நின்றால் உங்களைப் போன்ற மெக்கானிக் முதலில் கழற்றி எறிவதே அதைத்தானே? அது இல்லாத வண்டியில் வெயிலுக்கு ஒரு சூடு, மழைக்கு ஒரு சூடு. இப்போது சொல்லுங்கள், ஆயிலுக்குப் பங்குனி தெரியுமா தெரியாதா?

போடி ஒர்க்‌ஷாப்:
கழற்றி எறிந்த வண்டியில் தெரியும். சரி. ஆனால் அந்த வண்டியைக் கெடுப்பது வெயில் இல்லை, மழைதான். ஆடி மாதம் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி உள்பக்கம் பாருங்கள், மோர்க்குழம்பு மாதிரி ஒட்டியிருக்கும். டீசல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடானால் அது ஆவியாகி வெளியேறிவிடும். சூடே ஏறாத இன்ஜினில், அதுவும் தோட்டத்துக்குள் குட்டிக் குட்டி ஓட்டமாக ஓடும் வண்டியில், உள்ளேயே தங்கிக் கசடாகிவிடும். இதற்கு 15-40 ஊற்றினாலும் 20-50 ஊற்றினாலும் பலன் ஒன்றுதான். தெர்மோஸ்டாட்டை மாட்டுங்கள், மழைக்காலத்தில் ஆயிலைச் சீக்கிரம் மாற்றுங்கள். மூடியில் மட்டும் இல்லாமல் டிப்ஸ்டிக்கிலும் வெள்ளையாக வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் அது வேறு கதை. தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

குமுளி பைக்:
நடுவில் ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு யாரும் கார் ஆயிலைப் பைக்கில் ஊற்றிவிடாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அதே ஆயிலில்தான் ஊறிக் கிடக்கிறது. டின்னில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று, பைக் ஆயிலுக்கான ஜப்பான் தர முத்திரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும்; ஏற்றத்தில் இன்ஜின் கத்தும், வண்டி நகராது.

தேவாரம் கார்:
எனக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஜீப் கணக்கைப் புது வண்டிக்குப் போடாதீர்கள். என் பெட்ரோல் காருக்கு மேனுவலில் இருப்பது 0-20. “இதென்ன சார் தண்ணி மாதிரி, நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்காது” என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் 20-50 ஊற்றிக் கொடுத்தார்கள். அடுத்த நாள் காலையிலிருந்து ஸ்டார்ட் செய்ததும் ஹெட் பக்கம் ஒரே டிக் டிக் சத்தம். பிக்கப் மந்தம், மைலேஜும் இறங்கியது. வால்வ் டைமிங்கை மாற்றும் அமைப்பே ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது, அதன் வழிகள் அவ்வளவு சின்னவை. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6க்குப் பிறகான டீசல் கார்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் இருந்தால் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் அது அடைத்துக்கொள்ளும். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது.

கம்பம்மெட்டு ஜீப்:
புதுக் காருக்கு 20-50 ஊற்றச் சொன்னது யார்? நான் என் ஜீப்பைத்தான் சொன்னேன். ஆயிரக்கணக்கான தடவை மலை ஏறிய இன்ஜின், பேரிங் தேய்ந்துதான் இருக்கும். அதைப் பிரித்து வேலை பார்க்க ஆகும் செலவு எங்கே, ஆயில் டின் விலை எங்கே? தேய்ந்த இடைவெளியில் கெட்டி ஆயில் நிற்கும், லேசானது ஓடிவிடும். என் வண்டி 15-40ஐக் குடிக்கிற அளவுக்கு 20-50ஐக் குடிப்பதில்லை.

போடி ஒர்க்‌ஷாப்:
குடிப்பது குறையும், அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் அது வண்டியின் வயசுக்கான வைத்தியம். வெயில் காலத்துக்கு நல்லது என்றால் மழைக்கும் அதேதான், மாற்றி மாற்றி ஊற்ற என்ன காரணம்?

இன்னொன்று. பேரிங்கில் ஆயில் நசுங்கும் நிலைமைக்கு 150 டிகிரியில் தனிச் சோதனை உண்டு. அதில் 15-40க்கும் 20-50க்கும், இந்த எண்களை வகுத்த எஸ்ஏஇ அமைப்பு வைத்திருக்கும் குறைந்தபட்சக் கெட்டி அளவு ஒன்றேதான்.

கம்பம்மெட்டு ஜீப்:
குறைந்தபட்சம்தானே தம்பி? பாஸ் மார்க் வாங்கியவனும் முதல் மார்க் வாங்கியவனும் ஒன்றா?

போடி ஒர்க்‌ஷாப்:
அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் 20-50 டின்னைத் திருப்பி, பின்பக்கம் ஏபிஐ எழுத்தை, அதாவது ஆயிலின் தரக் குறியைப் பாருங்கள். எஸ் என்று மட்டும் ஆரம்பித்தால் அது பெட்ரோல் வண்டிக்கானது. டீசலுக்கு சி வேண்டும், உங்கள் 15-40இல் சிஐ-4 என்று இருக்கும். கரியைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து அதில்தான் அதிகம். கடையில் 20-50 என்று கேட்டால் கைக்கு வருவதில் பெட்ரோல் வண்டிக்கானது நிறைய.

கம்பம்மெட்டு ஜீப்:
பார்த்தேன். எஸ்எல் என்றுதான் இருக்கிறது, பக்கத்திலேயே சிஎஃப் என்றும் போட்டிருக்கிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

போடி ஒர்க்‌ஷாப்:
சிஎஃப் பழைய தரம், சிஐ-4 அதைவிட எவ்வளவோ பின்னால் வந்தது. ஊற்றினால் இன்ஜின் நின்றுவிடாது, ஆனால் கசடு சீக்கிரம் சேரும். 20-50தான் வேண்டும் என்று நிற்கிறீர்கள் என்றால் சிஎஃப்-4ஆவது போட்ட டீசல் டின்னாக வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை போடிப் பக்கம் வந்தால் கேஜ் மாட்டிப் பார்த்துவிடலாம், காசு வேண்டாம்.

கம்பம்மெட்டு ஜீப்:
ஞாயிறு தோட்டத்துக்கு லீவுதான், வருகிறேன். தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கி வையுங்கள். முள் இறங்கி நின்றால் 20-50தான், அதில் பேச்சே இல்லை.