ஜப்பான் ரயிலில் சைக்கிள்: கன்சாயிலிருந்து ஓனோமிச்சி போக எப்படிக் கட்டுவது?

மிதிகட்டை:
அக்டோபர் கடைசியில் இரண்டு பேர் ஷிமானமி கைடோ (தீவுகளைப் பாலங்களால் இணைக்கும் சைக்கிள் பாதை) ஓட்டப் போகிறோம். கன்சாய் விமான நிலையத்திலிருந்து ஓனோமிச்சிக்கு ரயில், அங்கிருந்து இமாபரி வரை சைக்கிள், இமாபரியிலிருந்து ஒசாகா திரும்ப மறுபடி ரயில். ஒன்று ரிம் பிரேக் ரோடு பைக். இன்னொன்று ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், த்ரூ ஆக்சில் (திருகிக் கழற்றும் சக்கர அச்சு), பின்னால் கேரியர், மட்கார்டு. விமானத்தில் அட்டைப்பெட்டியில் வரும். பெட்டியோடு ரயிலில் ஏற்றலாமா? சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வேண்டுமா? ஷின்கான்சென் புல்லட் ரயிலில் எந்த சீட்?

நீலக்கோடு:
தனி டிக்கெட் கிடையாது. கழற்றியோ மடக்கியோ, சைக்கிளுக்கென்றே உள்ள பையில் முழுசாகப் போட்டுவிட்டால் அது ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) கணக்கில் கைச்சாமான்தான். இதற்கு அங்கே ரின்கோ என்று பெயர். நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டினால் 250 செ.மீ.க்குள், எடை 30 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு சாமான், தோள்பை போன்ற சின்னதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அதனால் இரண்டு பேனியரையும் (கேரியரில் தொங்கும் பைகள்) ஒன்றாகக் கட்டிவிடுங்கள். சீட்டோ ஹேண்டில்பாரோ வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நிறுத்துவார்கள். குப்பைப் பையையோ தார்ப்பாயையோ சுற்றிக்கொண்டு போவதும் செல்லாது.

அட்டைப்பெட்டி 140 × 80 × 20 என்றால் கூட்டு 240 வரும், அளவில் தப்பிக்கும். ஆனால் அது சைக்கிள் பை இல்லை, சீட்டுக்குப் பின்னால் அடங்கவும் அடங்காது. விமானத்துக்குப் பெட்டிக்குப் பதில் மடியும் துணிப்பை கொண்டு வாருங்கள். விமான நிலையத்திலேயே ரின்கோ பைக்கு மாற்றிவிட்டு, காலிப் பையைச் சுருட்டி ஒசாகா ஓட்டலுக்குக் கூரியரில் அனுப்பிவிடலாம்.

வழி: ஹருகா எக்ஸ்பிரஸில் ஷின்-ஒசாகா, அங்கிருந்து ஷின்கான்சென்னில் ஃபுகுயாமா, பிறகு சான்யோ லைன் லோக்கலில் சுமார் 20 நிமிடம். ஷின்-ஓனோமிச்சி என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரும்பாலும் கொடாமா (எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஷின்கான்சென்) தான் அங்கே நிற்கும், துறைமுகமும் தள்ளி இருக்கிறது.

ஷின்கான்சென்னில் ஒவ்வொரு பெட்டியிலும் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு இடைவெளி இருக்கும், பை நிற்க அதுதான் இடம். 2020 மே முதல் டோகைடோ, சான்யோ ஷின்கான்சென் லைன்களில் 160 செ.மீ.க்கு மேல் உள்ள சாமானுக்கு அந்த வரிசை சீட்டை முன்பதிவு செய்ய வேண்டும், செய்யாவிட்டால் 1,000 யென். விளையாட்டுச் சாமானுக்கு இதில் விலக்கு உண்டு. ஆனால் அந்த இடத்தை இன்னொருவர் பதிவு செய்திருந்தால் விலக்கை வைத்து என்ன செய்வது? பதிவுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை, செய்துவிடுங்கள்.

ஆலன்கீ:
கட்டும் முறை. ஆஸ்ட்ரிச் எல்-100 மாதிரி நிமிர்த்தி வைக்கும் பை எடுங்கள். மடித்தால் தண்ணீர் பாட்டில் அளவுதான், பாட்டில் கூட்டிலேயே உட்காரும்.

1. செயினைப் பின்னால் மிகச் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள். ரிம் பிரேக் என்றால் காலிப்பரை (பிரேக் கவ்வியை) தளர்த்துங்கள்.
2. சைக்கிளைக் கவிழ்த்து இரண்டு சக்கரத்தையும் கழற்றுங்கள். த்ரூ ஆக்சிலை உடனே ஃபோர்க்கில் திருப்பி முறுக்கிவிடுங்கள், தனியாக வைத்தால் தொலையும்.
3. பின் ஃபோர்க் முனையில், சக்கரம் இருந்த இடத்தில், எண்ட் பிராக்கெட் என்ற தாங்கியைப் போடுங்கள். பின் டிரெயிலியரை (கியர் மாற்றும் கருவியை) காப்பது இதுதான். குயிக் ரிலீஸுக்கு (நெம்புகோலால் கழற்றும் அச்சு, உங்கள் ரிம் பிரேக் வண்டி) 130 மி.மீ., த்ரூ ஆக்சிலுக்கு 142 மி.மீ., இரண்டும் வேறு வேறு. உங்கள் இரண்டு சைக்கிளுக்கும் ஒன்றையே வாங்கிவிடாதீர்கள்.
4. சீட்டும் பிராக்கெட்டும் தரையில் ஊன்ற, பிரேமை நிமிர்த்துங்கள். சக்கரங்களை இரு பக்கமும் அணைத்து மூன்று இடத்தில் பட்டையால் இறுக்குங்கள். கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு), பிரேம் முக்கோணத்தின் காலி இடத்துக்குள் வர வேண்டும். குழாயில் உரசும் இடத்தில் துணி வையுங்கள்.
5. தோள்பட்டை வாரைப் பையில் மாட்டாதீர்கள். பையின் ஓட்டை வழியாக பிரேமிலேயே கட்டுங்கள். எடையைத் துணி தாங்காது.

டிஸ்க் வண்டிக்கு இன்னும் இரண்டு விஷயம். சக்கரம் இல்லாதபோது பிரேக் லீவரை அழுத்தினால் பிரேக் பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிறகு ரோட்டர் (சக்கரத்தின் பிரேக் வட்டு) நுழையாது. இடையில் பிளாஸ்டிக் ஸ்பேசர் வையுங்கள். கவிழ்த்து வைத்தால் எண்ணெய்த் தொட்டியில் உள்ள காற்று குழாய்க்குள் போகலாம். சக்கரத்தை மறுபடி பூட்டியதும் லீவர் கெட்டியாகும் வரை அழுத்திப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

மிதிகட்டை:
மிக்க நன்றி. கேரியரையும் மட்கார்டையும் கழற்றியே ஆக வேண்டுமா?

கடைசிப்பெட்டி:
மட்கார்டின் பின்பாதி கழற்றாமல் எல்-100-இல் அடங்காது. கேரியரும் அப்படியே. முன்சக்கரம் மட்டும் கழற்றும் பெரிய பையை எடுத்தால் கூட்டு 250-ஐத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். எழுபது கி.மீ.க்கு இவ்வளவு தேவையா என்றுதான் கேட்பேன். இரண்டையும் வீட்டிலேயே விடுங்கள். விமான நிலைய டக்யூபின் (கூரியர்) கவுன்டரில் துணிமூட்டையை இமாபரி ஓட்டலுக்கு அனுப்புங்கள், பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேரும். கூரியர் படிவத்தில் ஓட்டல் பெயரோடு பதிவு செய்தவர் பெயரும் தங்கும் தேதியும் எழுத வேண்டும். ஹேண்டில்பார் பையோடு ஓட்டலாம்.

திரும்பும்போது இமாபரியிலிருந்து ஒகாயாமாவுக்கு ஷியோகாஸே எக்ஸ்பிரஸ், சுமார் 2 மணி நேரம். பெரிய சாமானுக்கான முன்பதிவு விதி இதற்கில்லை, ஆனால் கடைசி வரிசையே நல்லது. ஒகாயாமாவில் மாறக் குறைந்தது 20 நிமிடம் விடுங்கள், தோளில் பத்து கிலோவோடு லிஃப்டைத் தேட வேண்டியிருக்கும். ஒசாகா லோக்கல் ரயில்களில் காலை 7 முதல் 9:30 வரை ஏறவே வேண்டாம். மற்ற நேரத்தில் முதல் அல்லது கடைசிப் பெட்டியில், ஓட்டுநர் அறைச் சுவரை ஒட்டிப் பையைக் கட்டி நிறுத்துங்கள். கதவோரம் வைத்தால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நகர்த்த வேண்டிவரும்.