மாமியாருக்கு முதியோர் உதவித்தொகை வந்தால் எனக்கு மகளிர் உரிமைத்தொகை கிடையாதா?

ஒரே ரேஷன் கார்டு. மாமியாருக்கு மாதாமாதம் முதியோர் பணம் வருகிறது, அதனால் நான் விண்ணப்பித்தே பயனில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். உண்மையா?

பதில் 1: அது பழைய கதைங்க. 2023 ஆகஸ்டிலேயே தளர்த்திவிட்டார்கள், பணம் வாங்குகிறவருக்குத்தான் கிடையாது, அதே வீட்டில் தகுதியுள்ள வேறு பெண் விண்ணப்பிக்கலாம். 21 வயது முடிந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள். கார்டுக்கு ஒருவர்தான்.

பதில் 2: கரண்ட் பில்லையும் எடுத்துப் பாருங்கள். வருடத்துக்கு 3,600 யூனிட் தாண்டினால் போச்சு, ஏசி வீடுகள் பல இதில்தான் மாட்டுகின்றன. அப்புறம் டிராக்டர் இருந்தாலும் கிடையாது, இது எனக்கு நியாயமாகவே படவில்லை.

கேட்டவர்: கார், டிராக்டர் எதுவும் இல்லை. நிராகரித்தால்?

பதில் 1: குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையத்தில் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு போடுங்கள்.