இடுப்பென்பிலிருந்து ஒட்டு எடுக்கும்போது நோயாளியை எப்படிக் கிடத்துவது?

கேள்வி: தாதிய மாணவி, கொழும்பு

வணக்கம். கொழும்பிலுள்ள வைத்தியசாலையொன்றின் சத்திரசிகிச்சைக் கூடத்தில் பயிற்சி பெற்று வருகிறேன். பொருந்தாமல் நின்ற கணைக்கால் முறிவுக்காக இடுப்பென்பிலிருந்து ஒட்டு (வேறிடத்தில் வைப்பதற்கான என்புத் துண்டு) எடுத்தபோது, நோயாளியை மல்லாக்கக் கிடத்தி, எடுக்கும் பக்கத்துப் பிட்டத்தின் கீழ் மணல் பையொன்றை வைத்தார்கள். முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையிலோ குப்புறக் கிடத்திப் பின்புறத்தில் எடுத்தார்கள். எதைக் கொண்டு இது தீர்மானிக்கப்படுகிறது? அந்த மணல் பையின் பயன் என்ன?

மறுமொழி 1: சத்திரசிகிச்சைக் கூடத் தாதி

தங்கைக்கு வணக்கம். ஒட்டு எங்கே வைக்கப்படும், எவ்வளவு என்பு வேண்டும் என்பவையே முதற் கேள்விகள். காலுக்காக மல்லாக்கக் கிடப்பவரை இடையில் புரட்டினால் கிருமிநீக்கிய துணிகளையெல்லாம் மறுபடி விரிக்க வேண்டியிருப்பதால், இடுப்பென்பின் முன்புற விளிம்பே வசதியானது. பின்புறத்தில் கூடுதலான என்பு கிடைக்கும் என்பதால், பெரிய இடைவெளியை நிரப்ப வேண்டுமானால், முதலில் குப்புறக் கிடத்தி எடுத்துவிட்டுப் பிறகு மல்லாக்குவதும் உண்டு.

மணல் பை அந்தப் பக்க இடுப்பை உயர்த்துகிறது. பருமனானவர்களில் வயிறு மறுபக்கம் சரிய, விளிம்பு கைக்குத் தெளிவாகத் தட்டுப்படும். சிலர் அதை நாரிக்குக் கீழே செருகிவிடுகிறார்கள். அது முதுகை வளைக்குமே தவிர இடுப்பை உயர்த்தாது.

மறுமொழி 2: மயக்க மருந்துப் பிரிவு வைத்தியர்

குப்புறக் கிடத்தும்போது மார்பையும் இடுப்பையும் தாங்கிகள் ஏந்த, வயிறு அழுந்தாமல் இருக்க வேண்டும். வயிறு அழுந்தினால், உடலின் கீழ்ப்பகுதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் கீழ்ப்பெருநாளத்தில் அமுக்கம் ஏறி, முள்ளந்தண்டைச் சூழ்ந்த நாளங்கள் புடைத்து, இரத்தப்போக்கு கூடும். கைகளைத் தோளிலிருந்து 90 பாகைக்கு மேல் விரிக்காதீர்கள். கண்கள் எதிலும் அழுந்தாதிருப்பதைத் தொடக்கத்தில் மட்டுமன்றி இடையிடையேயும் பார்க்க வேண்டும்.

மறுமொழி 3: என்பியல் பயிற்சி வைத்தியர்

ஒன்றைச் சேர்க்கிறேன். முன்புறத்தில் எடுக்கும்போது, இடுப்பென்பின் முன்மேல் முனையிலிருந்து ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் பின்னால் வெட்டைத் தொடங்குவது, அம்முனை பிளந்துபோகாமலும், தொடையின் வெளிப்புறத் தோலுக்குச் செல்லும் நரம்பு அறுபடாமலும் காப்பதற்காகவே. பின்புறத்திலோ, பின்மேல் முனையிலிருந்து வெளிப்புறமாக 8 சென்ரிமீற்றருக்குள் நிற்க வேண்டும். அதற்கப்பால் பிட்டத்துத் தோலின் நரம்புகள் விளிம்பைக் கடக்கின்றன.

ஆனால் தொடைத் தோல் உணர்விழந்து விறைத்தால் வெட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. குப்புறக் கிடந்தவரின் இடுப்புத் தாங்கி அதே முன்மேல் முனையில் அழுந்தினால், ஒட்டு பின்புறத்தில் எடுக்கப்பட்டிருந்தாலும் தொடை விறைத்துப்போகலாம். ஆகவே தாங்கியின் இடத்தைக் கையால் தடவிப் பார்ப்பதோடு, தொடையின் தோலுணர்வைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரும் பின்னரும் சோதித்துப் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.