'தெஃபான்ஸ் தெமே' (1942) பார்த்தவர்கள் பகிர்ந்தவை

'தெஃபான்ஸ் தெமே', அதாவது 'காதலிக்கத் தடை', என்ற இந்தப் பிரெஞ்சுப் படத்தைப் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் வாக்னரின் ஆரம்பகால ஆபெராதான் முன்னால் வந்து நிற்கும். அதற்கும் பிரெஞ்சில் இதே பெயர். இயக்குநர் ரிஷார் பொத்தியே, ஆண்டு 1942, இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். படத்துக்கு மூலமான ஆபரெட்டா (பாட்டும் வசனமும் கலந்த இலகுவான மேடை நாடகம்) 'யெஸ்'. அதை இசையமைப்பாளர் மோரிஸ் இவேன் பெயரோடு தேடினால்தான் சிக்கும்.

*

முதலில் ஆபரெட்டா, பிறகு படம் என்பதே சரியான வரிசை. 1928-இல் பாரிஸின் கப்யூசின் அரங்கில் அது மேடையேறியபோது ஆர்கெஸ்ட்ரா கிடையாது. இரண்டு பியானோ மட்டும். அதனால் பாடலாசிரியர் ஆல்பெர் வில்மெத்ஸின் குறும்பு வரிகள் இசையில் அமுங்காமல் காதில் விழும். அப்பா சேமியா வியாபாரத்தில் கொழித்தவர். மகனுக்கு சிலி நாட்டில் பெண் நிச்சயிக்கிறார். தப்பிக்க நினைக்கும் மகன், நக அலங்காரம் செய்யும் தோத் என்ற பெண்ணை லண்டனில் பெயருக்குக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறான். அப்புறம் என்ன, காதல்தான்.

படம் எடுத்தது ஜெர்மானிய முதலீட்டில் ஆல்பிரெட் கிரெவன் நடத்திய கான்டினென்டல் பிலிம்ஸ். ஜெர்மானிய ஆக்கிரமிப்பில், பிரிட்டிஷ் படங்களுக்கே தடை இருந்த பாரிஸில் 'யெஸ்' என்று ஆங்கிலத்தில் போஸ்டர் ஒட்டுவதாவது! நாயகி சுஸி தெலேர். அதே ஆண்டு, அதே நிறுவனத்துக்காக இயக்குநர் க்ளூசோ எடுத்த துப்பறியும் படத்திலும் அவர்தான் பாடகி; அதையும் பார்த்துவிடுங்கள், அவருடைய வாய்த்துடுக்கு இன்னும் நன்றாகப் பிடிபடும். உடன் போல் மொரிஸ், காப்ரியெல்லோ.

*

பாட்டுப் படம் என்பதால் பிரதியின் வேகத்தைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். படச்சுருள் நொடிக்கு 24 பிரேம். ஐரோப்பிய டிவி, டிவிடி பிரதிகள் 25. அந்த 4 சதவீத வேகத்தில் 100 நிமிடப் படம் 96 நிமிடமாகும். சுருதியும் ஓர் அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு ஏறும். 440 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய சுரம் 458-இல் ஒலிக்கும். தெலேரின் குரல் ஏற்கெனவே கூர்மை, இதில் கீச்சிடும்.

கணினியில் படம் பார்க்கும் விஎல்சி செயலியில் வேகத்தை 0.96 ஆக்குங்கள். அதற்கு முன் ஆடியோ அமைப்பில் சுருதி மாறாமல் காக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் தாளம் மட்டும் தளரும், சுருதி இறங்காது. சில பிரதிகளில் சுருதியை முன்பே சரிசெய்திருப்பார்கள். அதில் இதைச் செய்தால் குரல் கனத்துப்போகும். ஆகவே முதல் பாட்டிலேயே சுருதியை அளந்து காட்டும் டியூனர் செயலியை வைத்துப் பாருங்கள்: முள் சுரங்களுக்கு இடையில் நின்றால் மட்டும் வேகத்தைத் தொடலாம்.