மல்லிகை டீ என் வீட்டில் மட்டும் ஏன் கசக்கிறது?

மொட்டைமாடி எழுதியது:

போன மாதம் நாத்தனார் துபாயிலிருந்து வந்தபோது ஒரு டீ பெட்டி கொடுத்துவிட்டுப் போனார். மூடியைத் திறந்தாலே வீடு மணக்கிறது. உள்ளே மல்லிகை மணம் ஏற்றிய பச்சைத் தேயிலை, எர்ல் கிரே, ரோஜா இதழ் கலந்த கறுப்புத் தேயிலை, ஹைபிஸ்கஸ் என்று எழுதிய கருஞ்சிவப்புச் சருகு, அப்புறம் காய்ந்த நீலப்பூ ஒன்று, எல்லாம் தனித்தனி டப்பாவில்.

எங்கள் வீட்டில் டீ என்றால் பாதிக்குப் பாதி பாலும் தண்ணீரும், தூளைப் போட்டு மூன்று கொதி, இஞ்சி தட்டிப் போட்டு வடிகட்டு, அவ்வளவுதான். அதே கையோடு இதையும் போட்டேன். ஹைபிஸ்கஸில் பால் ஊற்றியதும் திரிந்து பாத்திரம் முழுக்கப் பனீர். மல்லிகையில் பால் ஊற்றவில்லை, ஆனால் நன்றாகக் கொதிக்க விட்டேன், நிலவேம்புக் கஷாயம் மாதிரி கசந்தது, மணம் எங்கே போனதோ தெரியவில்லை. எர்ல் கிரேயை வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு "சோப்புத் தண்ணியா?" என்று கேட்டார். நீலப்பூ பார்க்க அழகு, குடித்தால் ஒன்றுமே இல்லை.

பெட்டி விலையை நாத்தனார் வாய் தவறிச் சொல்லிவிட்டதால் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எங்கே தப்பு பண்ணுகிறேன்? தேன் வாசம், பழ வாசம் என்று டப்பாவில் எழுதியிருக்கிறதே, அதெல்லாம் நிஜமா? எனக்கு டீ வாசம் மட்டும்தான் வருகிறது. இன்னொன்று, மாடியில் இரண்டு தொட்டி குண்டுமல்லி இருக்கிறது. அதைப் பறித்து நம்ம டீத்தூளில் போட்டு வைத்தால் மல்லிகை டீ ஆகிவிடுமா?

டிகாக்‌ஷன்தாசன் எழுதியது:

பால் இல்லாததற்குப் பெயர் டீ இல்லை அக்கா, கஷாயம். பெட்டியை நாத்தனாருக்கே அடுத்த பிறந்தநாளுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குளிர்பனி எழுதியது:

தாசன் சார் சொல்வதைக் கேட்காதீர்கள். நான் குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் பல வருடம் ருசி பார்க்கும் மேசையில் நின்றவன், இப்போது ஓய்வு. உங்கள் தப்பு ஒன்றே ஒன்று, கொதி.

நம்ம வீட்டு டீத்தூள் சி.டி.சி. வகை. 1930களில் அஸ்ஸாமில் வந்த அந்த மிஷின் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குகிறது. பாலையும் சர்க்கரையையும் தாண்டி நிறமும் திடமும் நிற்க வேண்டும் என்பதற்காகவே பிறந்த தூள், கொதிக்க வைத்தால்தான் அதற்கு மரியாதை. உங்கள் மல்லிகை டீ அந்த ஜாதி இல்லை. அது பச்சைத் தேயிலை, கொதிக்கிற தண்ணீர் பட்டால் கசப்பும் துவர்ப்பும் கடகடவென்று இறங்கிவிடும், மணமோ ஆவியோடு உங்கள் சமையலறைக் கூரைக்குப் போய்விடும். 75, 80 டிகிரி போதும். தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம். தண்ணீரைக் கொதிக்க வைத்து, காப்பி ஆற்றுகிற மாதிரி டபராவுக்கும் டம்ளருக்குமாக மூன்று தரம் மாற்றுங்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் சூடு நன்றாக இறங்கும். பிறகு இலை மேல் ஊற்றி மூடி வைத்து இரண்டு நிமிடம், அதிகம் போனால் மூன்று. இலையை வடித்துத் தூக்கிப் போடாதீர்கள், அதே இலை இன்னும் இரண்டு தண்ணீர் தாங்கும், சொல்லப்போனால் எனக்கு இரண்டாவது தண்ணீர்தான் பிடிக்கும். எர்ல் கிரேயும் ரோஜாவும் கறுப்புத் தேயிலை, அவற்றுக்குக் கொதித்த தண்ணீரையே ஊற்றலாம், ஆனால் அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாமல் மூன்று நான்கு நிமிடம் ஊற விட்டு வடித்துவிட வேண்டும். (இங்கே குன்னூரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், உயரம் அப்படி. அதனால் சென்னைக்காரர்களுக்கு நான் சொல்கிற நிமிடக் கணக்கைக் கொஞ்சம் குறைத்தே சொல்வேன்.)

எர்ல் கிரே சோப்பு மாதிரி இருந்ததற்கு உங்கள் வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது. அதில் ஏற்றியிருப்பது பெர்கமோட் என்ற பழத்தோலின் எண்ணெய், நாரத்தங்காய் வகையறா, பெரும்பாலும் இத்தாலியில் கலாப்ரியாவில் விளைவது. சோப்பு, சென்ட் கம்பெனிகளும் அதே எண்ணெயை வாங்குவதால் மூக்குக்கு முதலில் சோப்புதான் ஞாபகம் வரும். தூளைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். இது ஒன்றில் மட்டும் கொஞ்சம் பால் ஊற்றினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

தேன் வாசம், பழ வாசம் நிஜமா என்றால், பாதி நிஜம், பாதி டப்பா எழுதுகிறவரின் கற்பனை. நாக்குக்குத் தெரிந்தது புளிப்பு, கசப்பு, இனிப்பு மாதிரி சில மட்டும், மற்றதெல்லாம் மூக்கின் வேலை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள், பிறகு வாயில் இருக்கும்போதே மூக்கை விடுங்கள், மல்லிகை எங்கிருந்து வருகிறது என்று அப்போது புரியும். நாங்கள் மேசையில் கரண்டியால் எடுத்து ‘உர்ர்ர்’ என்று காற்றோடு உறிஞ்சுவதும் அதற்குத்தான், ஆவி தொண்டை வழியாக மூக்குக்கு ஏற வேண்டும். வீட்டில் விருந்தாளி இல்லாத நேரத்தில் நீங்களும் உறிஞ்சலாம். ஆனால் எங்கள் கணக்கை, அதாவது 100 மில்லிக்கு 2 கிராம், ஆறு நிமிடம் என்பதை வீட்டில் செய்யாதீர்கள், அது குறை கண்டுபிடிப்பதற்கான கணக்கு.

ஆரம்பத்தில் ஒரே ஒரு டீயைத் தனியாகக் குடித்து மூளையைக் குழப்பாதீர்கள். மல்லிகை ஒரு டம்ளர், வெறும் பச்சைத் தேயிலை ஒரு டம்ளர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறிக் குடியுங்கள். வித்தியாசம்தான் ருசியைக் கற்றுக்கொடுக்கும். கொஞ்சம் ஆறினபிறகு இன்னும் நன்றாகத் தெரியும்.

மருந்துக்கடை எழுதியது:

ஹைபிஸ்கஸ் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அது நம் வீட்டு வாசல் செம்பருத்தி இல்லை, புளிச்சக்கீரைக் குடும்பத்துச் செடி, பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்து நிற்கும் புல்லிவட்டத்தைக் காயவைத்தது. எகிப்திலும் சூடானிலும் கர்க்கடே என்று சர்க்கரை போட்டுக் குடிப்பார்கள், ஐஸ் போட்டால் இன்னும் ஜோர். புளிப்பு அதிகம், பால் திரியாமல் என்ன செய்யும்? இரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும் குணம் இதற்கு உண்டு, அதனால் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடிப்பது நல்லது.

நீலப்பூ சங்குப்பூ. பயறு, அவரை எல்லாம் அதன் சொந்தக்காரர்கள், அதனால் உற்றுக் கவனித்தால் வேகவைத்த பயற்றுத் தண்ணீர் வாசம் லேசாக வரும், அதற்கு மேல் ருசி கிடையாது. தாய்லாந்தில் அதில் எலுமிச்சையும் தேனும் சேர்க்கிறார்கள். எலுமிச்சை பிழிந்ததும் நீலம் ஊதாவாக மாறும், வீட்டில் குழந்தை இருந்தால் ஒரு மாலை நேரம் போய்விடும்.

தேத்தண்ணி எழுதியது:

அக்கா, நான் யாழ்ப்பாணம், இப்போது வேலை கொழும்பில். எங்கள் வீட்டில் பால் விடாத பிளேன்ரீதான் எப்போதும், அம்மம்மா உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி வைத்துக் கடித்துக் கடித்துக் குடிப்பா. அதனால் தாசன் அண்ணையின் கஷாயக் கதைக்கு எனது கண்டனம்.

நான் சொல்ல வந்தது வேறு. பூவே போடாமல் பூ வாசம் வருகிற தேயிலை இருக்கிறது, முதலில் அதைக் குடித்துப் பழகுங்கோ. நுவரெலியா 6,000 அடிக்கு மேலே, தை மாசியில் பனியும் வெயிலுமாக இருக்கும் காலத்தில் கிள்ளின கொழுந்தில் ஒரு மெல்லிய பூ மணம் தானாக வரும், நிறம் வெளிர் மஞ்சள், ஆட்கள் பார்த்துவிட்டு ‘தண்ணிபோல இருக்கு’ என்று ஏமாறுவார்கள். ஊவா வேறு மாதிரி, ஆடி ஆவணியில் வறண்ட காற்று அடிக்கும் நேரத்து இலையில் விண்டர்கிரீன் தைலம்போல ஒரு குளிர்ச்சி. ஒரே சின்னத் தீவு, இரண்டு மலை, காற்றும் குளிரும் மாறினால் கோப்பைக்குள் இவ்வளவு மாறும். இலை படும் கஷ்டம்தான் எங்களுக்கு வாசமாக வருகிறது என்று தோட்டத்துப் பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்னார்.

குளிர்பனி எழுதியது:

ஓம் தம்பி, இங்கேயும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி இலை என்று தனி மவுசு. மொட்டைமாடி அம்மா, நீலகிரி ஆர்த்தடாக்ஸ் என்று கேட்டு வாங்குங்கள், அதாவது நசுக்காத முழு இலை. அதிலேயே பூ வாசம் இருக்கும். தேயிலையில் இயற்கையாக உள்ள லினலூல் என்ற மணப்பொருள் மல்லிகையிலும் இருக்கிறது, பெர்கமோட்டிலும் இருக்கிறது. இந்த ஜோடிப் பொருத்தத்தை எவனோ சும்மா கண்டுபிடிக்கவில்லை.

பந்தலடி எழுதியது:

கடைசிக் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லையே, எனக்காக விட்டு வைத்தீர்களா? மதுரை ஆள் நான், மல்லி விஷயத்தில் வாயை மூட முடியாது.

வீட்டுக் குண்டுமல்லியிலும் மல்லிகை டீ செய்ய முடியும். சீனாவில் ஃபுஜியன் மாகாணத்து ஃபுசௌ ஊர்தான் மல்லிகை டீக்குப் பேர் போனது, அங்கே பயன்படுத்துவதும் நம்ம குண்டுமல்லி இனம்தான், ஜாஸ்மினம் சம்பாக். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அடுத்த வருடமே ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு ஃபுசௌ மல்லிகை-தேயிலை விவசாயத்தைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இரண்டு ஊரும் ஒரே பூ, நாம் தலையில் வைத்தோம், அவர்கள் தேயிலையில் வைத்தார்கள்.

அவர்கள் செய்வது என்னவென்றால், பகலில் மொட்டாகப் பறித்து, ராத்திரி அது வாய் திறக்கிற நேரத்தில் தேயிலையோடு கலந்து வைப்பார்கள். மலர்ந்த பூ மணத்தை விடும், காய்ந்த இலை பஞ்சு மாதிரி அதை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் பூவைச் சலித்து எடுத்துவிட்டு இலையை உலர்த்தி, அடுத்த ராத்திரி புதுப் பூ. உசத்தி ரகத்துக்கு ஐந்து தரம், ஏழு தரம்கூடச் செய்வார்கள். அதனால் நல்ல மல்லிகை டீயில் பூவே தெரியாமல் இருக்கலாம், நிறைய பூ மிதக்கிறதே என்று அதிக விலை கொடுத்து ஏமாறாதீர்கள்.

நான் செய்தது: 50 கிராம் நீலகிரி பச்சைத் தேயிலை, மாலை நான்கு மணிக்குப் பறித்த பருத்த மொட்டு இரண்டு கை. மொட்டு லேசாக விரியத் தொடங்கியதும் ஏழரை எட்டு மணிக்கு அகலமான எவர்சில்வர் சம்படத்தில் ஒரு அடுக்கு இலை, ஒரு அடுக்கு பூ. காலையில் பூவைப் பொறுக்கிவிட்டு, தோசைக்கல்லைச் சூடாக்கி அடுப்பை அணைத்து அதன்மேல் தட்டில் இலையைப் பரப்பி உலர்த்தினேன், மொறுமொறுவென்று ஆகும்வரை. மூன்று ராத்திரி இப்படி. முதல் முயற்சியில் சோம்பேறித்தனப்பட்டு இரண்டு நாள் பூவோடு விட்டுவிட்டேன், ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடித்து மொத்தமும் குப்பைக்குப் போனது. சி.டி.சி. தூளில் செய்யாதீர்கள், குருணை இதழில் ஒட்டிக்கொள்ளும், அதன் திடம் மல்லியை அமுக்கியும் விடும்.

கடையில் முழம் போட்டு வாங்கிய பூ கூடவே கூடாது, அதில் மருந்து அடித்திருப்பார்கள், பூக்காரம்மா வேறு தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்திருப்பார். உங்கள் தொட்டிச் செடிக்கும் பூச்சிமருந்து அடித்திருந்தால் வேண்டாம். இந்த மாதிரி ஆர்வம் வந்தவர்கள் கண்ட பூவையும் போட்டுப் பார்ப்பார்கள், அரளி எல்லாம் விஷம், ஞாபகம் இருக்கட்டும்.

அப்புறம் டப்பா. பூ மணத்தை உறிஞ்சுகிற இலை பெருங்காயத்தையும் அதே அக்கறையோடு உறிஞ்சும். அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

மொட்டைமாடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பந்தலடி, பெட்டி இத்தனை நாளும் சாம்பார்ப் பொடி டின்னுக்கு மேலேதான் இருந்தது, இப்போது ஹாலுக்கு வந்துவிட்டது.

நேற்று சாயங்காலம் டபராவில் மூன்று ஆற்று ஆற்றி மல்லிகையில் ஊற்றினேன். கசப்பு இல்லை! வெறும் பச்சைத் தேயிலையையும் பக்கத்தில் வைத்துக் குடித்தபோதுதான் வித்தியாசம் பிடிபட்டது, மல்லி நாக்கில் இல்லை, முழுங்கினபிறகு திரும்பி வருகிறது. மூக்கைப் பிடித்துக் குடித்ததைப் பார்த்து மாமியார் "மருந்தா சாப்பிடுறே?" என்று கேட்டார். தேன் வாசம் இன்னும் வரவில்லை, குளிர்பனி ஐயா சொன்ன கற்பனைப் பாதியில் அதைச் சேர்த்துவிட்டேன். இரண்டாவது தண்ணீர் விஷயத்தில் உங்கள் கட்சிதான்.

ஹைபிஸ்கஸை நாட்டுச்சர்க்கரை போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன், வீட்டுக்காரர் ரோஸ்மில்க் மாதிரி எடுத்து மொத்தத்தையும் முடித்துவிட்டார். எர்ல் கிரே பக்கம் மட்டும் இன்னும் திரும்பவில்லை.

தொட்டியில் இன்றைக்குப் பதினேழு மொட்டுதான். பந்தலடி, இரண்டு கைப்பிடிக்கு எத்தனை வேண்டும் என்று எண்ணிச் சொல்லுங்கள், இல்லை 10 கிராம் இலையில் ஆரம்பிக்கட்டுமா?

பந்தலடி எழுதியது:

பதினேழு போதும், 5 கிராமில் ஆரம்பியுங்கள். மணி நாலு ஆகிவிட்டது, முதலில் போய்ப் பறியுங்கள்.